வகையறாவுக்கு எத்தனை பெயர்?

அத்தியாயம் 17

கல்லணையில் தண்ணீர் திறந்து மூன்று நாளாகிவிட்டது. மறுநாள் விடியும்போது மணற்கரை வாய்க்காலின் தலைப்பை எட்டிவிடும் என்று வாய்க்காலைக் காவல் பார்க்கும் பொதுப்பணித்துறை லஸ்கர் சைக்கிளை நிறுத்தாமலேயே சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் செய்தி காதில் விழுந்ததும் கோவிந்தராசு ஒவ்வொரு வருடமும் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. கூடத்துச் சுவரில் தொங்கும் இரும்புத் திருகுசாவியை இறக்கி, விளக்கெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியால் துடைப்பார். வாய்க்காலின் முதல் மடையைத் திறக்கிற சாவி அது. ஒரு கை நீளம் இருக்கும். வெள்ளத்தில் கரை உடைந்து ஊர் தத்தளித்த ஒரு வருடம், அவருடைய தாத்தா தன் வயல் மண்ணையே வெட்டிக் கொடுத்துக் கரையை எழுப்பினார். அதற்கு ஊர் கூடிக் கொடுத்த மரியாதை இது. முதல் தண்ணீர் அந்த வீட்டு வயலுக்கு. மடை திறக்கும் கை அந்த வீட்டுக் கை. மூன்று தலைமுறையாக அந்தச் சாவி வேறு வீட்டுச் சுவரில் தொங்கியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவர் சாவியைத் துடைத்தார். வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தார்.

போன வியாழக்கிழமை, வாய்க்கால் முடிகிற கடைமடையிலிருந்து காளியம்மாள் வந்து வாசலில் நின்று நீட்டிய காகிதம்தான் காரணம். மூன்று வருடமாக எங்கள் நாற்றங்கால் தண்ணீர் வருவதற்குள் காய்ந்துபோகிறது, இந்த வருடம் முறை வைப்பதைக் கடைமடையில் தொடங்கி மேலே கொண்டுவர வேண்டும் என்று பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டவள் குந்தவை. கோவிந்தராசுவின் மருமகள், இரண்டு மாதமாகப் பாசனதாரர் சங்கத்தின் செயலாளர். மாமனார் அதே சங்கத்தின் தலைவர்.

"கிழிச்சுப் போடு" என்றார் அவர்.

"வாங்கிப் பதிவு பண்ணிட்டேன் மாமா" என்றாள் அவள்.

அதிலிருந்து மூன்று நாளாக அந்த வீட்டில் "சாப்பாடு போடவா", "போடு" என்பதற்கு மேல் பேச்சில்லை.

தங்கமணி காபியைக் கொண்டுவந்து கணவரின் பக்கத்தில் வைத்தாள். கொல்லையில் ஒரு வெள்ளைத் துண்டை மஞ்சளில் நனைத்துக் காயப் போட்டிருந்தாள். மடை திறக்கும்போது பலகையில் கட்டுகிற துண்டு. அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்து நாற்பத்தைந்து வருடம். நாற்பத்தைந்து துண்டு.

"துண்டு காயுது" என்றாள்.

"காயட்டும். நாளைக்குக் கட்டத்தானே போறோம்."

"கட்டத்தான் போறோமா?"

கோவிந்தராசு நிமிர்ந்தார். "ஏன், உனக்குச் சந்தேகமா?"

"எனக்கென்ன. கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குத் திரும்பினாள்.

ஒன்பது மணிக்குக் குவைத்திலிருந்து மகன் ராஜ்குமார் கூப்பிட்டான். அவன் பேரிலும் மூன்று ஏக்கர் இருந்தது.

"அப்பா, நானும் கூட்டத்துல போன்ல இருப்பேன். குந்தவை ஏற்பாடு பண்ணிட்டா. உங்க பக்கம் ஒரு ஆள் கூடும்."

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் சரிதானேன்னு கேக்கிறப்ப உம்னு சொல்லு. போதும்."

"சரிப்பா" என்றான். அந்த 'சரிப்பா'வில் ஒரு தயக்கம் இருந்ததாகப் பின்னால்தான் அவருக்குத் தோன்றியது.

கூட்டம் நெல் கொள்முதல் நிலையத்துத் தகரக் கொட்டகையில். கொள்முதல் முடிந்து ஆள் இல்லாத காலம். தரையில் சிந்திக் கிடந்த நெல்லைச் சிட்டுக்குருவிகள் கொத்திக்கொண்டிருந்தன. தலைமடைக்காரர்கள் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில். கடைமடைக்காரர்கள் பின்னால், காலிச் சாக்குக் கட்டுகளின் மேல். பெண்கள் எடை எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கும்பலாக. தண்ணீர் விவகாரம் என்பதால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். தங்கமணி மட்டும் வரவில்லை. அவள் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை.

கோவிந்தராசு கூட்டம் நடத்துகிற விதம் எல்லாருக்கும் தெரியும். எழுந்து நிற்பார். விஷயத்தை நாலு வார்த்தையில் சொல்வார். "எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்டு ஒரு தடவை இருமுவார். அந்த இருமல் முடிவதற்குள் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் தீர்மானம் நிறைவேறியது. பிறகு டீ வரும். பன்னிரண்டு வருடமாக அந்த இருமலைத் தாண்டி ஒருவரும் பேசியதில்லை.

இன்றும் எழுந்தார்.

"காகிதம் வந்திருக்கு. எல்லாரும் பாத்திருப்பீங்க. மாமூல் மாமூல்தான், அதை மாத்தறதுக்கு இல்ல. எல்லாருக்கும் சரிதானே?"

இருமினார்.

"எனக்குச் சரியில்லீங்க" என்றது எடை எந்திரத்துப் பக்கமிருந்து ஒரு குரல். காளியம்மாள்.

டீ கொண்டுவந்தவன் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கை தூக்கிப் பாத்துருவோமே பெரியப்பா" என்றான் இளஞ்செழியன். கோவிந்தராசுவின் பங்காளி மகன், டிராக்டர் வைத்திருப்பவன், தலைமடைக்காரன்.

கை தூக்கச் சொன்னார்கள். அதுதான் வேடிக்கையாகப் போயிற்று. பாதி கைகள் தோளுக்கு மேல் போகவில்லை. கோவிந்தராசு யார் பக்கம் திரும்பினாரோ அந்தப் பக்கத்துக் கைகள் இறங்கின; அவர் முகத்தைத் திருப்பியதும் திரும்ப முளைத்தன. ஒருவர் தூக்கிய கையால் அப்படியே தலையைச் சொறிந்துகொண்டார். குந்தவை மூன்று தடவை எண்ணினாள். மூன்று எண்ணிக்கை வந்தது.

கோவிந்தராசுவுக்குச் சுருக்கென்றது. எதிர்ப்பைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் நடக்கிற எதிர்ப்பை அவர் வீடு பொறுத்துக்கொண்டதில்லை.

"என்னய்யா இது? எனக்கு எதிரா நிக்கிற ஆளு என் முன்னாடி எந்திரிச்சு நின்னு சொல்லட்டும். ஒவ்வொருத்தரா பேரைக் கூப்பிடு குந்தவை. காகிதத்துக்குச் சம்மதமா எதிர்ப்பான்னு வாயால சொல்லட்டும்."

நேருக்கு நேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எவருக்கும் துணிச்சல் வராது என்பது அவர் போட்ட திட்டம். குந்தவை ஒரு மெல்லிய புத்தகத்தைப் புரட்டினாள்.

"நீங்க கேக்கலேன்னாலும் இன்னிக்கு அப்படித்தான் எடுக்கணும் மாமா. சங்க விதியில இருக்கு. யாராவது போன்ல கலந்துகிட்டா பேர் கூப்பிட்டுத்தான் கேக்கணும். அவங்க தலையாட்டறதும் கை தூக்கறதும் நமக்குத் தெரியாது, எல்லாரும் சேந்து குரல் குடுத்தா எது அவங்க குரல்னும் தெரியாது. மாமூலா நடக்கிறதை மாத்தறதா இருந்தாலும் அப்படித்தான். உறுப்பினர் ஒருத்தர் கேட்டாலும் அப்படித்தான். இன்னிக்கு மூணும் சேந்து வந்திருக்கு."

"எவன் எழுதினது இதை?"

"சங்கம் பதிவு பண்றப்ப எழுதினது. கீழ உங்க கையெழுத்து இருக்கு."

சாக்குக் கட்டுப் பக்கம் சிரிப்பு எழுந்தது. கோவிந்தராசு சிரிக்கவில்லை.

"நான் போட்ட கையெழுத்துன்னா சரியாத்தான் இருக்கும். கூப்பிடு. இருபத்து மூணு பேர்தானே, சீக்கிரம் முடி."

"நாப்பத்தொண்ணு மாமா."

"பதிவேட்டுல இருபத்து மூணு வரிதானே இருக்கு? மிச்சம் பதினெட்டு பேர் எங்கேருந்து முளைச்சாங்க?"

"வகையறாவுலேருந்து" என்றாள் குந்தவை.



அந்தப் பதிவேட்டை எழுதியவரே கோவிந்தராசுதான். கோவிந்தராசு வகையறா. மாரிமுத்து வகையறா. சாமிநாதன் வகையறா. நிலக் காகிதங்களில் இருக்கிற வழக்கம்தான். குடும்பத்துத் தலைவன் பெயரை எழுதி, கூட்டுச் சொந்தக்காரர்களை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் போட்டு மூடிவிடுவது. "சரிதானே" என்று கேட்கும் கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது.

"வகையறாவைக் கூப்பிட முடியாது மாமா. பேரைத்தான் கூப்பிட முடியும். பட்டாவைப் பாத்து ஒவ்வொரு பேரா எடுத்தேன்" என்றாள் குந்தவை. அவள் தாளில் நாற்பத்தொரு பெயர் இருந்தது. அவளுடைய பெயர் இல்லை. அந்த ஊரில் அவள் பேரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

"எங்கேருந்து ஆரம்பிக்கப் போறே?"

"கடைமடையிலேருந்து. தலைவர் கடைசி. தலைவர் முதல்ல சொல்லிட்டா எல்லாரும் அதையே சொல்லிருவாங்கன்னு எழுதியிருக்கு. அய்யா, அம்மா எதுவும் போடாம பேர் மட்டும் கூப்பிடணும்."

கோவிந்தராசு உட்கார்ந்தார். ராஜ்குமாரின் முகம் தெரிகிற போனை, ஈரப்பதம் பார்க்கும் கருவியின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"காளியம்மாள்" என்று கூப்பிட்டாள் குந்தவை.

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இருக்கேன். காளியம்மாள். கடைமடை. ஒண்ணேகால் ஏக்கர். சம்மதம்."

கோவிந்தராசு அவளையே பார்த்தார். இருபது வயதில் அவர் வயலில் நடவு நட்டவள். எந்த வரப்போரம் நிற்பாள், எந்தக் கையால் நாற்று முடிச்சைப் பிரிப்பாள் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. அவளை அவர் 'வேலாயி மருமவளே' என்றுதான் கூப்பிடுவார். இப்போது அவளுக்கே நிலம் இருப்பது தெரியும். அவள் பெயர் காளியம்மாள் என்பது, நாற்பது வருடத்துக்குப் பிறகு, இன்றுதான் அவர் காதில் விழுந்தது. வியாழக்கிழமை காகிதத்தின் அடியில் அந்தப் பெயர் இருந்திருக்கும். அவர் படிக்கவில்லை.

"அண்ணாதுரை."

"இருக்கேன். அண்ணாதுரை. கடைமடை. எண்பது சென்ட். சம்மதம்."

பெயரையும் இடத்தையும் அளவையும் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. காளியம்மாள் ஆரம்பித்துவைத்தாள், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். எண்பது சென்ட்டைச் சொல்கிறவன் குரலும் எட்டு ஏக்கரைச் சொல்கிறவன் குரலும் தகரத்தில் மோதி ஒரே மாதிரி திரும்பி வந்தன.

"ஹமீதா பானு."

கடைமடையின் ஓரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பெண். அவள் நாற்றங்காலும் போன வருடம் காய்ந்தது. கோவிந்தராசு அவள் பதிலை மனதுக்குள் எழுதியே முடித்துவிட்டார்.

"இருக்கேன். ஹமீதா பானு. கடைமடை. ரெண்டு ஏக்கர்." அவள் ஒரு மூச்சு எடுத்தாள். "எதிர்ப்பு."

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. "ஏம்மா, ஒனக்குத்தானே மொதல்ல தண்ணி வரும்?" என்றார் ஒருவர்.

"தெரியும் அண்ணே. ரெண்டு வருஷம் முன்ன மழையில என் வரப்பு உடைஞ்சப்ப, பகல் பூரா இடுப்புத் தண்ணியில நின்னு மூட்டை அடுக்கினது அவர்தான். எனக்கு இன்னிக்கு வேற வார்த்தை வாயில வரல."

கோவிந்தராசுவுக்கு அந்த நாள் நினைவில்லை. எத்தனையோ வரப்பு, எத்தனையோ மழை. அவள் நினைவு வைத்திருக்கிறாள். தன் நாற்று காய்ந்தாலும் சரி என்று நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று சொல்கிறாள். ஆதரவாக விழுந்த ஒரு வாக்கு இப்படிப் பாரமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

பெயர்கள் வாய்க்காலில் மேல் நோக்கி வந்துகொண்டிருந்தன. நடுமடை. அதற்கு மேல் தலைமடை.

"இளஞ்செழியன்."

"இருக்கேன். இளஞ்செழியன். தலைமடை. அஞ்சு ஏக்கர்." தரையைப் பார்த்தான். "சம்மதம்."

"டேய்!" என்றார் கோவிந்தராசு.

"பேர் கூப்பிடுறப்ப குறுக்க பேசக் கூடாது மாமா."

"எனக்கே சொல்றியா?"

"தலைவருக்கும் சேத்துத்தான் எழுதியிருக்கு."

இளஞ்செழியன் தலையை நிமிர்த்தினான். "கோவிச்சுக்காதீங்க பெரியப்பா. காஞ்ச நாத்தங்காலை மடக்கி உழுறதுக்கு என் டிராக்டர்தான் போகுது. மூணு வருஷமா போகுது. சக்கரத்துக்கு அடியில நாத்து நொறுங்குற சத்தம் நீங்க கேட்டதில்ல."

அதற்குப் பிறகு தன் பக்கம் எத்தனை, எதிர்ப்பக்கம் எத்தனை என்று எண்ணுவதைக் கோவிந்தராசு விட்டுவிட்டார். எண்ண முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஊர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த ஊர் ஒவ்வொரு பெயராக எழுந்து நின்று, தான் வேறு என்று சொல்லி உட்கார்ந்துகொண்டிருந்தது. மாரிமுத்து வகையறாவுக்குள் ஆறு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் ஒரு மாதிரியும் மூன்று பேர் வேறு மாதிரியும் சொன்னார்கள். சாமிநாதனின் தம்பி மனைவி, யாரோடும் பேசாதவள், 'எதிர்ப்பு' என்று சொன்ன வேகத்தில் குருவிகள் பறந்துவிட்டன. எல்லாரும் ஒரே குரலாகச் சரி என்று சொல்லும்போது ஊருக்குப் பெரிய பலம் இருப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தார். இந்தத் தனித்தனிக் குரல்களுக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை என்று பட்டது. அப்படிப் பட்டதில் அவருக்கே அவர்மேல் கோபம் வந்தது.

மூன்று பெயர் மிச்சம். மூன்றும் அவர் வீட்டுப் பெயர்.

குந்தவை பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"ராஜ்குமார்" என்றாள். ஊருக்கு முன்னால் கணவன் பெயரை அவள் அப்படி மொட்டையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவள் குரல் மற்ற முப்பத்தெட்டுப் பெயருக்கும் இருந்த உயரத்தில்தான் இருந்தது. பேனா பிடித்த விரல் மட்டும் வெளுத்திருந்தது.

போன் திரையில் ராஜ்குமாரின் முகம் தெரிந்தது. அப்பா இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு கீழே எதையோ பார்த்தான். திரை இருண்டது.

"லைன் போயிடுச்சு" என்றார்கள்.

கோவிந்தராசுவுக்கு அந்தப் பார்வை தெரியும். பள்ளிக்கூடத்தில் யார் கண்ணாடியை உடைத்தது என்று கேட்டபோது அந்தப் பையன் கீழே பார்த்த பார்வை அது.

"பதில் இல்லை" என்று எழுதினாள் குந்தவை. அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

"தங்கமணி."

யாரும் எழவில்லை. அந்தப் பெயர் கொட்டகைக்குள் சும்மா நின்றது. கோவிந்தராசுவுக்கே அது புதிதாக ஒலித்தது. அவர் அவளை 'இந்தா' என்று கூப்பிடுவார். இல்லாவிட்டால் 'ராஜு அம்மா'.

"அவ வீட்ல இருக்கா. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து எங்க அப்பா சும்மா அவ பேர்ல எழுதி வச்சது. பயிர் பண்றது நான்தான். எதிர்ப்புன்னு போட்டுக்க."

"அவங்கதான் சொல்லணும் மாமா."

"அவளுக்கு இதுல என்ன தெரியும்?"

"கேட்டாத்தானே தெரியும்" என்றாள் காளியம்மாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

குந்தவை போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"என்னம்மா, ராஜு பேசணுமா? இரு, குழம்பு கொதிக்குது."

"இல்ல அத்தை. உங்க பேரைக் கூப்பிட்டிருக்கு. காகிதத்துக்குச் சம்மதமா எதிர்ப்பான்னு உங்க வாயால சொல்லணும். போன்லயே சொல்லலாம்."

"என் பேரையா?"

"ஆமாம் அத்தை."

கொஞ்ச நேரம் குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்" என்றாள் தங்கமணி.

வீட்டிலிருந்து கொட்டகைக்கு வாய்க்கால் கரையோடு நடந்து வர வேண்டும். நாற்பது பேர் காத்திருந்தார்கள். டீ ஆறிப்போனது. கோவிந்தராசு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர் அவருக்காகக் காத்திருந்து பார்த்திருக்கிறார். அவளுக்காக அது காத்திருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அவள் வந்தாள். அடுக்களைப் புடவைதான். கையில், பாதி காய்ந்த மஞ்சள் துண்டு. வாசலில் நின்றாள். கணவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை கூப்பிடும்மா. நேர்ல கேக்கிறேன்."

"தங்கமணி."

"இருக்கேன். தங்கமணி. தலைமடை. நாலு ஏக்கர் முப்பத்தெட்டு சென்ட்."

கோவிந்தராசுவுக்கு நாலரை என்று ஒரு கணக்குத்தான் தெரியும். முப்பத்தெட்டு சென்ட்டை அவள் எப்போது படித்தாள்?

"நான் பொறந்தது ஒரத்தநாட்டுக்குத் தெக்க. கால்வாய் முடியற இடம். தண்ணி திறந்தாச்சுன்னு பேப்பர்ல வந்தப்புறம் எங்க அப்பா தினம் காலையில காஞ்ச வாய்க்கால்ல போய் நிப்பாரு. பதினஞ்சு நாள், இருபது நாள் நிப்பாரு. இங்க வாழ வந்த முதல் வருஷம், தண்ணி நம்ம வயல்ல பாயறப்ப எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. எனக்கு எங்க அப்பா நிக்கிறதுதான் தெரிஞ்சுது. வருஷா வருஷம் தெரியுது. யாரும் கேக்கல, நானும் சொல்லல." துண்டை மேஜைமேல் வைத்தாள். "சம்மதம்."

குந்தவை எழுதினாள். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

நாற்பத்தைந்து வருடம் பக்கத்தில் இருந்தவளைக் கோவிந்தராசு பார்த்தார். அவமானம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. முதன்முதலில் பெரிய கோயில் கோபுரத்தின் அடியில் நின்று கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்த சிறு வயது நாள்தான், ஏனோ, நினைவுக்கு வந்தது.

"கோவிந்தராசு" என்றாள் மருமகள்.

முன்வரிசையில் யாரோ நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். போன வாரம் என்றால் கொட்டகை அதிர்ந்திருக்கும். அவர் எழுந்தார். தோளில் துண்டைச் சரி செய்தார். முதுகு வளையாமல் நின்றார்.

"இருக்கேன். கோவிந்தராசு. தலைமடை. ஏழு ஏக்கர்." எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எதிர்ப்பு. எங்க தாத்தா மண்ணு வெட்டி வாங்கின மரியாதை. ஊர் குடுத்தது, ஊர் கூடி எடுத்துக்கலாம். நானா கையை விரிக்க மாட்டேன். எதிர்ப்புன்னே எழுது. பேரோட எழுது."

அவர் உட்கார்ந்தார். தங்கமணி இப்போது அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

குந்தவை எண்ணினாள். ஒரு தடவைதான் எண்ணினாள். போதுமாக இருந்தது.

"சம்மதம் இருபது. எதிர்ப்பு இருபது."

கொட்டகை முழுக்க மூச்சு விட்டது.

"அப்புறம் என்ன?" என்று எழுந்தார் முன்வரிசைக்காரர் ஒருவர். "சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. போட்டு முடிங்க தலைவரே. டீயாவது குடிப்போம்."

விதிப் புத்தகத்தில் அதுவும் இருந்தது. ஒரு வார்த்தை. சாவி சுவரிலேயே தொங்கும். கோவிந்தராசு மேஜைமேல் இருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தார். இருண்டு கிடந்த போனைப் பார்த்தார்.

"என் பேரை ஒரு தடவை கூப்பிட்டாச்சு, நான் சொல்லியாச்சு" என்றார். "பேரைக் கூப்பிட்டும் பதில் சொல்லாத ஆள் ஒருத்தன் இருக்கான். அதுக்கு என்ன எழுதியிருக்கு?"

"முடிவு சொல்றதுக்கு முன்னாடி, பதில் சொல்லாதவங்களை இன்னொரு தடவை கூப்பிடணும் மாமா."

"கூப்பிடு."

மணி ஐந்து தடவை அடித்தது. ஆறாவதில் எடுத்தான்.

"அப்பா, இங்க சிக்னல் சரியா..."

"சிக்னலைப் பத்தி யாரும் கேக்கல."

"எத்தனைக்கு எத்தனைப்பா?"

"சொல்ல மாட்டோம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சொன்னது என் பேருக்கு. உனக்குன்னு ஒரு பேர் வச்சிருக்கேன்."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"அம்மா இங்கதான் இருக்கா. அடுப்பை அணைச்சுட்டு நடந்து வந்து சொல்லிட்டா. என்ன சொன்னான்னு கேக்காதே." அவர் குரல் அங்கே கொஞ்சம் தடுக்கியது. சரி செய்துகொண்டார். "இங்க நாப்பது பேரும் எந்திரிச்சு நின்னுதான் சொன்னாங்க. எண்பது சென்ட்காரன்லேருந்து. உம்னு சொல்லுன்னு காலையில நான் சொன்னதை மறந்துடு. எந்திரிச்சு நில்லு."

குந்தவை தாளைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள்.

"ராஜ்குமார்" என்று கூப்பிட்டாள்.

கடலுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு சிமெண்டுத் தரையில், ஒரு நாற்காலி பின்னால் நகருகிற சத்தம் கேட்டது. நாற்பது பேருக்கும் கேட்டது.

அந்தச் சத்தத்துக்குக் கோவிந்தராசுவும் எழுந்து நின்றார்.